வாசனை வராத மாஸ்க்

எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்த முதல் பாதுகாப்பு உடை, தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி பக்கம் வேலை செய்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் ரப்பர் ஏப்ரன். கூடவே முழங்கை வரை ஏறும் கறுப்பு ரப்பர் கையுறை சில ஜோடி. கொரோனா வந்த முதல் வருஷம் அது. ஆஸ்பத்திரிகளுக்கே கிட் பற்றவில்லை, உங்களுக்கெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று நான் போன் போட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். அந்தப் 'பிறகு' எப்போது என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும். அந்த ஏப்ரனையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு நான் முதல்முறை வார்டுக்குள் போனபோது, பழைய தோல் வியாபாரியான ஒரு பெரியவர் கட்டிலில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, என்னை உரிச்சு உப்பு போடப் போறியா?" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆம்பூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஹைவேயை விட்டு உள்ளே இருக்கிற சின்ன இல்லம். நான் அங்கே நர்ஸ். இன்-சார்ஜ் என்று பெயர். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டிவிட என்னோடு ஓர் அம்மா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், உருது பேசும் வீடு. எல்லோரும் அவரை ஆப்பா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவரோடு இருந்து இருந்து எனக்கும் உருது நன்றாகவே புரியும். பேசினால்தான் அவர் சிரிப்பார். சமையலுக்கு ஒருத்தர். லாக்டவுனில் மற்றவர்கள் வரமுடியாமல் நின்றுவிட, மிச்சம் நாங்கள் மூன்று பேர்தான்.

சர்ச்சிலிருந்து பெண்கள் துணி மாஸ்க் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அப்போதுதான் ஆப்பாவின் வீட்டுக்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை அவருக்கு. அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற இடம். அந்த நெடி தாங்காது என்று அங்கே எல்லோருக்கும் கரி அடுக்கு வைத்த, முன்னால் சின்ன பிளாஸ்டிக் மூடி வைத்த மாஸ்க் கொடுப்பார்கள். கம்பெனி மூடிக் கிடந்ததால் சூப்பர்வைசரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பெட்டி முக்கால்வாசி இருந்தது. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

பெட்டியோடு ஒரு சின்ன டின் சொல்யூஷனும் கொடுத்தார். எதற்கு என்றேன். "எங்க செக்‌ஷன்ல இதான் கணக்கு சிஸ்டர். மாஸ்க் போட்டுக்கினு சொல்யூஷன் பக்கத்துல நிக்கணும். வாசனை வந்துச்சுன்னா மாஸ்க் முடிஞ்சிபோச்சு, வேற எடுக்கணும். வரலன்னா இன்னும் ஓட்டலாம்."

நான் படித்த நர்ஸ். நெடியை நிறுத்துவது வேறு, கிருமியை நிறுத்துவது வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மாஸ்க் என்று கிழித்துப்போட எங்களிடம் எங்கே இருந்தது? எதை எப்போது தூக்கிப் போடுவது என்று யாராவது ஒரு கணக்கு சொன்னால் போதும் என்றிருந்தது. இந்த ஊரில் மூக்கை நம்பித்தான் எல்லாக் காரியமும் நடக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த டேனரியில் இன்றைக்கு வேலை, கால்வாயில் என்ன திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வோம். அந்தக் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு டின்னை வைத்தோம். காலையில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, டின் மூடியைத் திறந்து, குனிந்து ஒரு மூச்சு. அதில் தேறினால்தான் உள்ளே.

கொஞ்ச நாளில் பெட்டி குறையத் தொடங்கியது. சமையல்காரருக்கு மாற்றவேண்டி வந்தது. ஆப்பாவுக்கு அடிக்கடி மாற்றவேண்டி வந்தது. டின்னிடம் குனிவார், நிமிர்ந்து சங்கடத்தோடு என்னைப் பார்ப்பார். "வருது சிஸ்டர்." எனக்குக் கோபம் கோபமாக வரும். சரியாக இறுக்கிக் கட்டுவதில்லை, வெற்றிலை போட மாஸ்க்கை இறக்கி இறக்கி ஏற்றுகிறார், பேசிப் பேசியே ஈரமாக்குகிறார் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் திட்டினேன். நான் திட்டுவதற்குப் பயந்து, வாசனை வந்தும் வரவில்லை என்று அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நாளும் சொல்லவில்லை.

என் மாஸ்க் மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. மற்றவர்கள் இரண்டு மாற்றியபோதும் என்னுடையது அப்படியே இருந்தது. குனிவேன், ஒன்றுமே வராது. "பாத்தீங்களா, ஒழுங்கா வச்சிக்கிட்டா எவ்ளோ நாள் வருது" என்று அதைக் கழற்றிக் காட்டி ஆப்பாவுக்குப் பாடம் வேறு எடுத்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

பெட்டியின் அடி தெரிய ஆரம்பித்ததும் நான் ஒரு முடிவு எடுத்தேன். மிச்சமிருக்கிற மாஸ்க்குகளை ஆப்பாவுக்குக் கொடுத்து வீணாக்க வேண்டாம். அவர் துணி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு துவைக்கிற இடத்தையும் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். என் மாஸ்க்தான் கல்லு மாதிரி நிற்கிறதே, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டவேண்டியவர்களை நானே பார்த்துக்கொள்கிறேன். அதில் முக்கியமானவர் டீச்சரம்மா.

டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழுங்குவது சிரமம். ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். நெஞ்சிலும் ஏற்கெனவே கோளாறு. இந்தக் காய்ச்சல் அவருக்கு வந்தால் அவர் எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆகவே அந்த மாதங்களில் எனக்கிருந்த ஒரே வேலை, அவர் கட்டிலை அந்தக் காய்ச்சல் எட்டாமல் பார்த்துக்கொள்வது என்றே வைத்திருந்தேன். அவருடைய மகள் பெங்களூரிலிருந்து போனில் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

டீச்சரம்மாவுக்கு ஆப்பா கையால் சாப்பிட்டால்தான் இறங்கும். ஆப்பா தன் தெருக்கதையெல்லாம் சொல்வார். யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் வீட்டு பிரியாணி குழைந்துபோனது என்று அவர் இழுத்து இழுத்துச் சொல்ல, கதை ருசியில் டீச்சரம்மா தன்னையறியாமல் விழுங்கிவிடுவார். அந்த வித்தையை நான் நிறுத்தினேன்.

"நானே ஊட்டுறேன் சிஸ்டர். கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன். என் கைல அவங்க நல்லா சாப்பிடுவாங்க" என்றார் ஆப்பா.

"உங்க மாஸ்க் நிக்கல இல்ல? அவங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று துணி காயப்போடும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார்.

எனக்கு அந்த நாட்களில் உடம்பு கொஞ்சம் அசதியாகத்தான் இருந்தது. மூன்று பேர் வேலையைச் செய்தால் அசதி இருக்காதா என்று விட்டுவிட்டேன். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. சாப்பாடு மட்டும் சப்பென்று இருந்தது. சமையல்காரர் காய்கறி கிடைக்காமல் என்னத்தையோ ஆக்குகிறார் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அன்று காலை நான் பால்கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். டீச்சரம்மா ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"எங்க அவ?"

"ஆப்பாவுக்கு வேற வேலை டீச்சர். நான் ஊட்டுறேன், சாப்பிடுங்க."

"தீய்ஞ்ச வாசனை வருது."

அவர் ஆப்பாவை வரவழைக்கச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் ஒரு நியாயத்துக்காக மாஸ்க்கை இறக்கி, கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டே வைத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. "நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்று மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். முகத்துக்கு முகம் வைத்துக் குழந்தைக்குச் சொல்வதுபோல் கெஞ்சி, கடைசியில் அதட்டி, ஒரு கிண்ணம் முழுக்க ஊட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கணக்கு டீச்சர் அவர். எதிராளியிடம் வாதம் எடுபடாது என்று தெரிந்தால் பேச்சை வளர்க்கமாட்டார்.

காலிக் கிண்ணத்தோடு பெருமையாகச் சமையலறைக்குப் போனேன். சமையல்காரர் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடி முழுக்கக் கறுப்பு.

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். பால் அடி பிடிச்சிருச்சு. வேற பாலும் இல்ல. வாசனை வார்டு வரைக்கும் வந்திருக்குமே. டீச்சரம்மா சாப்பிட்டாங்களா?"

நான் அந்தப் பாத்திரத்தின் மேல் குனிந்தேன். பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். பிறகு கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு கேட்டுக்குப் போய், டின்னைத் திறந்து, வெறும் மூக்கோடு இழுத்தேன். தலை சுற்றியது. கண் எரிந்தது. வாசனை மட்டும் இல்லை.

எத்தனை நாளாக இல்லை என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. என் மாஸ்க் நன்றாக நிற்கிறது என்று நான் பெருமைப்பட ஆரம்பித்த நாளிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். 'வருது' என்று சொன்ன ஆப்பாவுக்கு மூக்கு நன்றாக இருந்தது. அவரை வெளியே துரத்திவிட்டு, நோயைச் சுமந்துகொண்டிருந்த நான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டோர் ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு போன் செய்தேன். உடம்பு சரியில்லை, எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வாருங்கள் என்றேன். வாசனை போனதைப் பற்றிச் சொல்லவில்லை. பயம். சாம்பிள் எடுக்க வந்த டாக்டர் சின்னப் பெண். ஜன்னலில் தொங்கிய என் மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "இதையா போட்டிருந்தீங்க? இந்த மூடி வழியா நீங்க விடுற மூச்சு அப்படியே வெளிய போகுமே. இது உங்களுக்குத்தான் காவல், எதிர்ல இருக்கிறவங்களுக்கு இல்ல" என்றாள். திட்டக்கூட இல்லை அவள். ரொம்பக் களைத்திருந்தாள்.

எனக்கு, டீச்சரம்மாவுக்கு, ஆப்பாவுக்கு, வார்டில் இன்னும் இரண்டு பேருக்கு நோய் இருந்தது. எல்லோரும் பிழைத்தோம், டீச்சரம்மாவைத் தவிர. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தும் உயிர் நிற்கவில்லை. அடக்கம் செய்ய நாலு பேர் வந்தார்களாம். தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கவச உடை, கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை எல்லாம் அவர்களுக்கு இருந்ததாம். உயிரோடு இருந்தபோது அவரைத் தொடுகிறவர்களுக்குத் தரமுடியாதது, அவரைக் குழியில் இறக்குகிறவர்களுக்குக் கிடைத்தது. இதைச் சொல்லி நான் யார்யாரிடமோ ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் அது எனக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

நோய் எப்படி உள்ளே வந்தது என்ற பேச்சு வந்தது. இல்லத்தை நடத்தும் கமிட்டிக்காரர் ஒருவர் போனில், "அந்த அம்மா தெரு கொரோனான்னு தகரம் வச்சு அடைச்ச தெருவாச்சே. துணி மாஸ்க்தான வேற போட்டிருந்தாங்களாம்" என்றார். அந்த மாதங்களில் ஆப்பா மாதிரி முஸ்லிம் ஆட்களைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியது என்று எல்லோருக்கும் தெரியும். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரியல சார்" என்றேன். அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது அவர்களுக்கு.

ஆப்பாவை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவரே நின்றுவிட்டார். போனில் அழுதார். "நீங்க சொல்லினே இருந்தீங்க சிஸ்டர், என் மாஸ்க் நிக்கலன்னு. நான்தான் ஜாஸ்தி கவனமா இருந்திருக்கணும்" என்றார். நான் "அதெல்லாம் நெனைக்காதீங்க, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி. டீச்சரம்மாவின் மகளும் போன் செய்தாள். கடைசி வரைக்கும் அம்மாவுக்கு நீங்களே கிட்ட உட்கார்ந்து ஊட்டினீர்களாமே, எங்களுக்கு அது போதும் சிஸ்டர் என்றாள்.

அடுத்த வருஷம் தடுப்பூசி போட நின்ற கூட்டத்தில் ஆப்பாவின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"வீட்லதான் இருக்கா. பேஜாரா இருக்கு சிஸ்டர். எங்க அம்மாவுக்கு இப்போ கண்ணு தெரியல, கையும் நடுங்குது. இவ தட்டை வச்சிட்டுத் தள்ளிப் போய்டுறா. ஊட்டமாட்டேங்கிறா. ஒரு பெரியவங்களை என் கையால சாகடிச்சேன்னு சொல்லிக்கினே இருந்தா, இப்போ அம்மாவே பயந்துக்கிட்டு இவ கிட்ட வந்தா வாயை மூடிக்கிறாங்க."

ஊசி போட்ட கையோடு அவர் பின்னாலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். யோசித்தால் போயிருக்கமாட்டேன். ஆப்பா இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு நாற்காலியைத் துடைத்தார். நான் உட்காராமலேயே சொன்னேன். வாசனை வராதது மாஸ்க்கால் இல்லை, என் மூக்கு போயிருந்தது என்றேன். டீச்சரம்மா கஞ்சி தீய்ந்திருக்கிறது என்று சொன்னார், நான் நம்பவில்லை என்றேன். உங்களுக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கும் என்றேன்.

ஆப்பா நின்றபடியே கேட்டார். அழுவார், கத்துவார், வெளியே போ என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன்.

"எப்போ தெரிஞ்சுது சிஸ்டர்?"

"அன்னிக்கே. அன்னிக்குக் காலைலயே தெரியும் ஆப்பா. பயந்துட்டேன். அதான் சொல்லல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே எழுத முடியவில்லை. பிறகு, "உள்ள வாங்க. அம்மிகிட்ட ஒரு வாட்டி சொல்லிடுங்க. அவங்களுக்குத் தமிழ் கம்மி, நான் சொல்றேன்" என்றார்.

உள் அறையில் அவர் அம்மி என்று கூப்பிடும் மாமியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாக ஆப்பா அதை உருதுவில் சொன்னார். மூக்கு போனதைச் சொன்னார். கஞ்சியைச் சொன்னார். நோய் சிஸ்டரிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை அம்மி என்று இரண்டு தடவை சொன்னார். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். மாமியார்தான், இவ்வளவு நாள் ஏன் இந்தப் பிள்ளை சொல்லவில்லை என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா. பயந்துக்கிட்டுச் சொல்லல. பழி ஆப்பா மேல விழுந்தப்போ விட்டுட்டேன்."

ஆப்பா என் பக்கம் திரும்பவில்லை. சிஸ்டருக்கு அப்போது காய்ச்சல் ரொம்ப அதிகம், நினைவே இல்லை, இப்போதுதான் ஒரு டாக்டர் சொல்லி அவருக்கே தெரிய வந்தது, தெரிந்த உடனே ஓடி வந்திருக்கிறார் என்று உருதுவில் சொன்னார்.

அந்த அம்மாள் கையை நீட்டித் துழாவி என் தலையைக் கண்டுபிடித்துத் தடவிக்கொடுத்தார். "பாவம்மா நீ" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். எனக்கு அந்த அளவுக்கு உருது புரியும் என்பது ஆப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் திருத்தவில்லை.